புது டயர் வாங்குவதற்கு முன்னால் பழைய டயரைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: கோவையில் இருக்கிறேன். ஹேட்ச்பேக் கார், 27,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன் டயர் இரண்டிலும் உள்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. மாதம் ஒருமுறை வால்பாறை போய் வருவதால்தான் இப்படி என்கிறார்கள். கடையில் நான்கையும் மாற்றி நைட்ரஜன் பிடிக்கச் சொல்கிறார்கள். நண்பரின் அதே கார் 50,000 தாண்டியும் முதல் டயரிலேயே ஓடுகிறது. புது டயர் நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும்? டயர் பாலிஷ் போட்டால் ரப்பர் கெடாமல் இருக்குமா?

பதில்:

வால்பாறை மேல் பழி போடாதீர்கள். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உண்மைதான், மலைச் சாலை டயரைத் தின்னும் என்பதும் உண்மைதான். ஆனால் அது தின்னும் இடம் வேறு. வளைவில் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்கிறது, பாரம் அந்தப் பக்கத்து முன் டயரின் வெளி ஓரத்தில் இறங்குகிறது. இடதும் வலதுமாக வளைவுகள் மாறி மாறி வருவதால், மலையில் அதிகம் ஓடும் வண்டியில் இரண்டு முன் டயர்களின் வெளி ஓரமும் வட்டமாகத் தேய்ந்திருக்கும். உங்களுக்குத் தேய்ந்திருப்பது உள் ஓரம். இரண்டு பக்கமும் உள் ஓரம் என்றால் சக்கரம் நிற்கும் கோணத்தில் கோளாறு. அதைச் சரி செய்யாமல் எந்த விலைக்கு டயர் போட்டாலும் இன்னொரு 27,000தான் ஓடும். நண்பரின் காருக்கும் உங்கள் காருக்கும் உள்ள வித்தியாசம் அநேகமாக இது ஒன்றுதான்.

உள் ஓரத்தில் ரப்பர் போய்க் கம்பியோ நூலோ தெரிகிறதா என்று ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் இந்த மாதம் மலைக்குப் போக வேண்டாம். இந்த உள் ஓரத் தேய்மானத்தில் பெரிய தொல்லையே, நின்று பார்த்தால் வெளியே பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருப்பது போலத் தெரிவதுதான்.

கோணம் என்றேன் அல்லவா, அதில் முக்கியமானது டோ. மேலிருந்து பார்த்தால் இரண்டு முன் சக்கரங்களும் கிட்டத்தட்ட நேராக முன்னோக்கி இருக்க வேண்டும். முன்முனைகள் உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட். டோ-அவுட் உள் ஓரத்தைத் தேய்க்கும், டோ-இன் வெளி ஓரத்தை. கண்ணுக்கே தெரியாத அளவு விலகல் போதும். ஒரு சக்கரம் கால் டிகிரி விலகியிருந்தால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர்! உருளுவதற்கென்று செய்த ரப்பரை அவ்வளவு தூரம் ரோட்டில் வைத்து உரசுகிறோம். இரண்டு சக்கரங்களும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்துக்கொள்வதால் வண்டி நேராகத்தான் போகும், ஸ்டியரிங்கும் நேராகத்தான் இருக்கும். 'வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லையே, அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைத் திருத்துவது) எதற்கு' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

டோ கெட்டிருக்கிறதா என்று கையாலேயே கண்டுபிடிக்கலாம். வண்டி நிற்கும்போது உள்ளங்கையை டயரின் பட்டன் மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை மெதுவாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் சொரசொரவென்று கையில் குத்துவது போலவும் இருந்தால் டோ சரியில்லை. ஓரம் மொட்டையாவதற்குப் பல ஆயிரம் கி.மீ. முன்பே இது கைக்குத் தெரிந்துவிடும். கம்பி வெளியே வந்த டயரில் மட்டும் கையை ஓட்டாதீர்கள், கிழித்துவிடும்.

அடுத்தது கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்பது. மேல் பக்கம் உள்ளே சாய்ந்தால் உள் ஓரம் தேயும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் கேம்பரைத் திருப்பி வைக்கத் தனி ஏற்பாடு கிடையாது, டோ மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர் அளவு மீறிப் போயிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர்) போயிருக்கிறது என்று பொருள். சில கடைகளில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பர் இருக்கும் தண்டை) நெளித்து 'கேம்பர் எடுத்துவிட்டோம்' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணினித் திரையில் எண் பச்சையாக மாறிவிடும், ஆனால் வளைந்த பாகம் வளைந்தபடியே இருக்க, நல்ல பாகத்தையும் சேர்த்து வளைத்த கதையாகிவிடும். எது வளைந்தது என்று கண்டுபிடித்து அதை மாற்றுவதுதான் வேலை.

அலைன்மென்ட் செய்யப் போகும்போது ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். முதலில் நான்கு டயரிலும் காற்றுச் சரியாக இருக்க வேண்டும். அப்புறம் வண்டியைத் தூக்கி சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் எதிலாவது ஆட்டம் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. மேடையில் நிற்கும்போது கோணம் சரியாக இருக்கும், வெளியே போய் முதல் பிரேக் போட்டதும் நகர்ந்துவிடும். உங்கள் வண்டியில் நான் சந்தேகப்படுவது லோயர் ஆர்ம் புஷ்ஷைத்தான். வேலை முடிந்ததும், திருத்துவதற்கு முன் இருந்த அளவும் பின் இருக்கும் அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் கொடுப்பார்கள். முந்தைய தாளை எடுத்து வைத்திருந்தால், எந்தச் சக்கரம் அடிக்கடி விலகுகிறது என்பது தானாகத் தெரியும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை போதும். ஆனால் பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ நடைபாதைக் கல்லில் பலமாக இடித்தாலோ கி.மீ. கணக்குப் பார்க்காமல் போய்விடுங்கள்.

வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி செய்வது, வேறு வேலை. 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அதுதான் காரணமாக இருக்கும். டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், பஞ்சர் ஒட்டியதற்காகக் கழற்றினாலும் கூட.

தேய்மானத்தில் படிக்க வேண்டிய மற்றவை சில உண்டு. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். பட்டன் முழுக்க ஆங்காங்கே குழி குழியாக, மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியதன் தடம் அது.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். உழைப்புக்கு அலைன்மென்ட் பாதி என்றால் காற்று மீதிப் பாதி. எவ்வளவு பிடிப்பது என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவும், முழு பாரத்துக்கு ஒரு அளவும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது. பங்க்கில் காற்றுப் பிடிக்கும் தம்பி கேட்காமலே எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணைத் தட்டிவிடுவார். நம் எண்ணை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டிக்கரில் உள்ளது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. காலையில் வண்டியை எடுத்து இரண்டு கிலோமீட்டருக்குள் பங்க் இருந்தால் அங்கேயே பிடிக்கலாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் போனால் டயர் சூடேறி 3 முதல் 5 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். 'அதிகமாக இருக்கிறது சார்' என்று அங்கே காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் வண்டி குறைந்த காற்றில் நிற்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே இறக்காதீர்கள். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்று இரண்டு பிஎஸ்ஐ தானாகக் குறையும், ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சில நூறு ரூபாய்க்குக் கையடக்கமான கேஜ் கிடைக்கிறது, ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். பங்க்குகளில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போவதில்லை.

குறைந்த காற்றில் ஓரம் தேய்வது சின்ன நஷ்டம். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து மடிந்து நிமிர்வதால் உள்ளே சூடு ஏறுகிறது, பெரிய நஷ்டம் அதுதான். ஏப்ரல், மே வெயிலில் நான்கு வழிச் சாலையில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு 100 வேகத்தில் போகும் வண்டியில் டயர் வெடித்தால் எல்லோரும் 'வெயிலில் காற்று விரிந்து வெடித்தது' என்பார்கள். காற்றுச் சரியாக இருக்கும் நல்ல டயர் அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. வெயிலுக்காக ஐந்து பிஎஸ்ஐ குறைத்துப் பிடிப்பது நம் ஊரில் பரவலான பழக்கம், தலைகீழான பழக்கம்.

வால்பாறை போகும்போது காற்றை மாற்ற வேண்டுமா என்றால் வேண்டாம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கொஞ்சம் கூட்டிக் காட்டும், குளிரால் கொஞ்சம் குறையும். சுமார் 3,500 அடி உயரத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

நைட்ரஜன்? நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். சுத்தமான நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரப்பதம் இருக்காது. விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் அதற்கான காரணங்கள் உண்டு. கோவையில் ஆபீஸ் போய் வரும் காருக்கு, காசு வாங்காமல் பிடித்தால் பிடித்துக்கொள்ளுங்கள், காசு கேட்டால் சாதாரணக் காற்றே போதும். நைட்ரஜன் பிடித்த டயரில் சாதாரணக் காற்றைக் கலக்கக் கூடாது என்பதும் வெறும் பயம். கலக்கலாம். அதற்குப் பயந்து குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் கெடுதல்.

இப்போது, இரண்டா நான்கா? பின் டயர்களின் பட்டன் ஆழத்தை அளந்து பாருங்கள். புது டயரில் சுமார் 7 அல்லது 8 மி.மீ. இருக்கும். காருக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ., பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போனாலே மழைத் தண்ணீரில் பிடிப்பு நன்றாகக் குறைந்துவிடும். உங்கள் பின் டயர்களில் நான்கு, ஐந்து மி.மீ. இருந்து வெடிப்பும் இல்லையென்றால் இரண்டு வாங்கினால் போதும். நான்கையும் மாற்றச் சொல்வது அவர்கள் வியாபாரம்.

இரண்டு வாங்கினால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், 'இழுப்பது முன் சக்கரம் சார், புதுசு முன்னாலதான்' என்பார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், அதைத் திருப்பிப் பிடிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். பின்னாலிருந்த பழையவை முன்னால் வந்து மிச்சத்தைத் தேய்த்து முடிக்கட்டும்.

27,000 வரை நீங்கள் டயரை இடம் மாற்றவே இல்லை என்று நினைக்கிறேன். முன்சக்கர இழுவை வண்டியில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன் டயர்களின் தலையில்தான். இனி நான்கும் ஒத்திருக்கும்போது 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னால் இருப்பவற்றை நேராகப் பின்னாலும், பின்னால் இருப்பவற்றைப் பக்கம் மாற்றி முன்னாலும் போடுங்கள். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்பின் மட்டும். ஸ்டெப்னியும் அதே அளவு என்றால் அதையும் சுற்றில் சேர்க்கலாம். பல கார்களில் ஸ்டெப்னி சின்ன அளவில்தான் கொடுக்கிறார்கள், அதைச் சேர்க்காதீர்கள். இந்த இடமாற்றத்தில் இன்னொரு ஆதாயம், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது யாராவது டயரின் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

ஓட்டும் விதத்தைப் பற்றி எல்லோரும் நிறையச் சொல்வார்கள், நான் இரண்டே சொல்கிறேன். வளைவில் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே கொண்டை ஊசியை 20 வேகத்துக்குப் பதில் 30இல் எடுத்தால் விசை இரண்டேகால் மடங்கு, தேய்மானம் அதையும் தாண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து உள்ளே நுழையுங்கள், இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள். மற்றது, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிப்பது. பவர் ஸ்டியரிங் இருப்பதால் நம் கைக்கு வலி தெரிவதில்லை, முன் டயருக்குத் தெரியும். சக்கரம் கொஞ்சமாவது உருள ஆரம்பித்த பிறகு ஒடித்தால் போதும்.

பள்ளத்தில் விழுந்து பக்கச் சுவரில் முட்டை போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, ஓட்ட முடியாது, ஒட்டவும் முடியாது. பஞ்சரும் பட்டன் பகுதியில் இருந்தால்தான் ஒட்டலாம், பக்கச் சுவரில் என்றால் டயரே போயிற்று. ரோட்டோரத்தில் ஊசி வைத்துக் குத்தும் பட்டி அவசரத்துக்குச் சரி. வீடு வந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து காளான் வடிவ பிளக் வைத்து ஒட்டுவது நிலையானது, கழற்றும்போது உள்ளே கருப்புத் தூள் உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் காற்றில்லாமல் ஓடி உள்ளே அரைபட்டிருக்கிறது, அந்த டயரை நம்பாதீர்கள்.

வாங்கும்போது, அளவை மாற்ற வேண்டாம். 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால் அதில் 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. அகலமாகப் போட ஆசைப்பட்டு இந்தக் குறியீட்டில் குறைந்ததைப் போட்டுவிடக் கூடாது. தேதியும் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். திருவொற்றியூரிலும் அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் ஆலைகளை வைத்துக்கொண்டு, கடையில் இரண்டு வருடப் பழைய சரக்கைத் தலையில் கட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. டயரோடு ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், டயர் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

கடைசியாகப் பாலிஷ். அது அழகுக்கு. ரப்பர் வெடிக்காமல் இருக்கத் தேவையான மெழுகும் மருந்தும் செய்யும்போதே கலந்திருக்கிறார்கள், டயர் உருண்டு நெளியும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக மேல்பரப்புக்கு வரும். அதனால்தான் ஓடாமல் வெயிலில் நிற்கும் காரின் டயர், ஓடும் காரின் டயரை விடச் சீக்கிரம் வெடிப்பு விடுகிறது. போட்டே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் கலப்பில் உள்ளதைப் பக்கச் சுவரில் மட்டும் தடவுங்கள், பட்டனில் பட்டால் வழுக்கும். பெட்ரோலியக் கரைப்பான் கலந்ததும், சில வாட்டர் சர்வீஸ்களில் பளபளப்புக்காகத் தடவும் டீசலும் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். வண்டியைக் கழுவ விடும்போதே டயரில் எதுவும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.